குற்றாலம் கிளம்புறீங்களா? அருவியில் தடை போட்டாலும் டூர் வீணாகாமல் இருக்க ஒரு பக்கா பிளான்!

ஜூன் பிறந்துவிட்டால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார், 'இந்த வருஷம் குற்றாலம் எப்போ?' என்று. சித்தப்பா தேதி சொல்வார். பெரியம்மா எத்தனை ரூம் என்று கணக்குப் போடுவார். பிள்ளைகள் அன்றைக்கே துண்டை எடுத்து வைத்துவிடுவார்கள். ரயில் டிக்கெட், வேன், ரூம் என எல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். எல்லோரும் கேட்க மறந்த ஒரே ஆள், அருவிதான்!

ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆனால், குற்றாலத்தில் தண்ணீர் எப்படி விழும் என்பது அன்று காலை மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தது. வெள்ளி இரவு கிளம்பி, சனிக்கிழமை காலை போய் இறங்கினால், 'அருவிகளில் குளிக்கத் தடை' என்று போலீஸார் கயிறு கட்டி நிறுத்தியிருப்பார்கள். அல்லது, பாறை மேல் நூல் போலத் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். ஞாயிறு இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். இத்தனை பேரை, இத்தனை செலவு செய்து அழைத்துவந்தது கைப்பிடிக் கம்பிக்கு வெளியே நின்று செல்ஃபி எடுக்கத்தானா என்று ஆகிவிடும். அந்தக் கடுப்பில், தடையை மீறி இறங்கலாமா என்று சிலருக்குத் தோன்றுவதுதான் உண்மையான ஆபத்து.

அதனால் குற்றாலம் பிளான் என்றால், அருவி திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என இரண்டுக்கும் சேர்த்தே போட வேண்டும். எப்படி என்று பார்ப்போமா?

மழை அங்கே... சாரல் இங்கே!

குற்றாலத்தின் ரகசியம் அதன் பக்கத்து ஊரான செங்கோட்டையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, பெரும்பாலான மழையைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடும். மலைக்குக் கிழக்கே உள்ள தமிழகப் பகுதிகளுக்கு வறண்ட காற்றுதான் மிச்சம். ஆனால், செங்கோட்டை - ஆரியங்காவு இடையே மலைத்தொடரில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழைந்து தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை என அந்த வட்டாரத்தையே நனைக்கிறது. வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் இந்தச் சுகமான வானிலைக்குத்தான் 'சாரல்' என்று பெயர்.

ஊருக்குள் சாரல் பூப்போலத்தான் விழும். அருவியை நிரப்புவது, மேலே திரிகூட மலைக் காட்டுக்குள் பெய்யும் மழை. சிற்றாறு அங்கேதான் பிறக்கிறது. தேனருவியாக விழுந்து, செண்பகாதேவி அருவியாக இறங்கி, பிறகு ஊருக்குள் பேரருவியாகக் கொட்டுகிறது. பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். நல்லவேளையாக, தண்ணீர் ஒரே பாய்ச்சலாக நம் தலையில் விழுவதில்லை. நடுவே உள்ள 'பொங்குமாங்கடல்' என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பொங்கி வழிகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் பேரருவியில் யாரும் நின்று குளிக்கவே முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கீழே வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். நம் தலைக்கு மேல் உள்ள வானத்தைப் பார்த்து அருவியை எடை போட முடியாது.

எந்த மாதம் போகலாம்?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஆனி, ஆடி, ஆவணி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கேரளாவில் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ம் தேதியை ஒட்டித் தொடங்கும். அது நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் குற்றாலத்தில் சீசன் களைகட்டும். ஜூன் முதல் வாரத்திலேயே ஓடினால் ஏமாற வாய்ப்பு அதிகம். அக்கம் பக்கத்தில் சாரலையும் கூட்டத்தையும் சேர்த்து ரசிப்பவர்களுக்கு, அரசு நடத்தும் சாரல் விழா சமயம் ஏற்றது. அமைதி வேண்டும் என்றால் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சீசனிலும் தினமும் ஒரே மாதிரி தண்ணீர் இருக்காது. கேரளாவில் மழை நான்கைந்து நாள் ஓய்ந்தால், இங்கே அருவி மெலிந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகளில் தண்ணீர் விழும். ஆனால், அது சாரல் அல்ல, கனமழை. திடீர் வெள்ளமும் குளிக்கத் தடையும் அடிக்கடி வரும். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகள், பெரியவர்களுடன் முதல்முறை போகிறவர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம்.

கிழமையையும் யோசியுங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் பேரருவிக்குக் கீழே ஐந்து நிமிடம் நிற்க, நீண்ட நேரம் வரிசையில் காத்திருக்க வேண்டும். செவ்வாய், புதனில் அதே அருவி உங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும். அலுவலகத்தில் இரண்டு நாள் லீவு கேட்க முடிந்தால், அதை இதற்குச் செலவழிக்கலாம்.

ஏன் தடை போடுகிறார்கள்?

பேரருவிக்கு முன்னால் 'ஆர்ச்' எனப்படும் பாதுகாப்பு வளைவு இருக்கிறது. அந்த வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் குளிக்க அனுமதி இல்லை. அந்த வேகத்தில் தண்ணீருடன் கல்லும் மரக்கிளையும் சேர்ந்து வரும். வேகம் குறைந்ததும் தடையை நீக்கிவிடுவார்கள். சில சமயம் மூன்று, நான்கு மணி நேரத்தில் திறந்துவிடுவது உண்டு. சில சமயம் மூன்று, நான்கு நாள்கள் ஆவதும் உண்டு.

இதைத் தொல்லையாக நினைப்பவர்கள் 2024 மே 17-ம் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறை நேரம். சீசன்கூடத் தொடங்கவில்லை. பழைய குற்றாலம் அருவியில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலையில் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. மக்கள் படிகளில் அலறியடித்து ஓடிய வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அவரும் உறவினர்களோடு சந்தோஷமாகக் குளிக்க வந்தவர்தான். அதே ஆண்டு டிசம்பரில் பெய்த கனமழையிலும் குற்றால அருவிகளில் காட்டாற்று வெள்ளம் சீறியது.

கயிறு கட்டியிருந்தால் காரணம் இருக்கிறது என்று அர்த்தம். 'கொஞ்ச நேரம்தானே', 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று வாதாட வேண்டாம். கயிறு கட்டாத நேரத்திலும் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். தெளிவாக விழுந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறுவது, இலை, சுள்ளி, மண் கலந்து வருவது, அருவியின் இரைச்சல் கூடுவது... இதில் எது நடந்தாலும் செருப்பு, துண்டு, சோப்பு டப்பா என்று தேடிக்கொண்டிருக்காமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

எந்த அருவி யாருக்கு?

பேரருவி: குற்றாலம் என்றதும் மனதில் வரும் அருவி இதுதான். குற்றாலநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்கள், பெண்கள் குளிக்கத் தனித்தனி இடம் உண்டு. தண்ணீரின் வேகம் அதிகம் என்பதால் சின்னக் குழந்தைகளையும் வயதானவர்களையும் நடுப்பகுதிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். ஓரத்தில் விழும் தண்ணீரே போதும்.

சிற்றருவி: பேரருவிக்கு அருகிலேயே உள்ள சின்ன அருவி. பேரருவியைப் பார்த்து பயப்படும் குழந்தைகளுக்கு ஏற்றது.

ஐந்தருவி: பேரருவியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுவதால் கூட்டமும் பிரிந்து நிற்கும். குடும்பமாக வருபவர்களின் ஃபேவரைட்.

புலியருவி: வேகம் குறைந்த சின்ன அருவி. பொடிசுகளோடு வருபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

பழைய குற்றாலம்: ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி, ஆயிரப்பேரி பக்கம் இருக்கிறது. 2024 சம்பவத்துக்குப் பிறகு இங்கே குளிக்க நேரக் கட்டுப்பாடு வந்தது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேனருவியும் செண்பகாதேவி அருவியும் மலை மேல் காட்டுக்குள் இருப்பவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 'குறுக்குவழி தெரியும்' என்று யாராவது அழைத்தாலும் போகாதீர்கள்.

எப்படிப் போவது... எங்கே தங்குவது?

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸும் இந்த வழியாகப் போகிறது. வாரத்தில் சில நாள்கள் சிலம்பு எக்ஸ்பிரஸ் உண்டு. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் பாசஞ்சர் ரயில்கள் இருக்கின்றன. தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். டவுன் பஸ், ஆட்டோ, வேன் எல்லாம் கிடைக்கும். காரில் வருபவர்களுக்கு, மதுரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், நெல்லையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

சீசன் சனி, ஞாயிறுகளில் குற்றாலத்துக்குள் ரூம் வாடகை எகிறிவிடும். அருவிக்கு நடந்தே போகும் வசதியைவிட பட்ஜெட் முக்கியம் என்றால், தென்காசி, இலஞ்சி, செங்கோட்டையில் தேடுங்கள். எல்லாமே பக்கத்து ஊர்கள்தான். புக் செய்யும்போது வாடகையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்பது. ஒரு வாரம் தள்ளிப்போட அனுமதிக்கும் ரூமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மூன்று விஷயங்களைச் செய்துவிடுங்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் தென்காசி மாவட்டத்துக்கு ஆரஞ்சு, ரெட் அலர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். தங்கப்போகும் லாட்ஜுக்கு போன் போட்டு, 'இன்னிக்குத் தண்ணி எப்படி?' என்று கேளுங்கள். யாரோ ஃபார்வேர்டு செய்யும் வீடியோ எந்த வருடத்தியது என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

தடை போட்டால் என்ன செய்யலாம்?

ரூமில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அருவி இல்லாவிட்டாலும் ஒன்றரை நாளுக்குக் குறையாமல் பார்க்க இடங்கள் இருக்கின்றன.

முதலில் குற்றாலநாதர் கோயில். வெளிப்பிராகாரம் சங்கு வடிவில் அமைந்திருப்பது இதன் சிறப்பு. அம்மன் பெயர் குழல்வாய்மொழி. தலமரம் குறும்பலா. அருவியின் குளிர்ச்சியால் சுவாமிக்கு உடம்புக்கு ஏதும் வந்துவிடக் கூடாது என்று, மூலிகைகள் கலந்த கஷாயத்தை இரவில் நைவேத்தியமாகப் படைக்கும் வழக்கம் இங்கே உண்டு. குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், ரசிப்பார்கள். பக்கத்திலேயே சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே நடராஜரைச் சிலையாக அல்ல, ஓவியமாகத் தரிசிக்கலாம். சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

அடுத்து, தென்காசி காசி விஸ்வநாதர் கோயில். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பிற்காலத்தில் இந்தக் கோயில் சிதைந்தால் அதைச் செப்பனிடுபவர்களின் காலில் விழுந்து வணங்குவதாக அந்த மன்னன் கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறான். சிதைந்துபோன ராஜகோபுரம், நம் காலத்தில் சுமார் 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்து, 1990-ல் குடமுழுக்குக் கண்டது. சாரல் நாளில் கோபுர வாசலில் வீசும் காற்றுக்காகவே ஒருமுறை போகலாம்.

போகும் வழியில் இலஞ்சி குமாரர் கோயிலையும் பார்த்துவிடலாம். நடக்கத் தெம்பு இருப்பவர்கள் பண்பொழி திருமலைக்கோயிலில் 600-க்கும் அதிகமான படிகள் ஏறலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு மேலே வரை வாகனப் பாதை உண்டு. ஜூலை, ஆகஸ்ட்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தித் தோட்டங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். போட்டோ எடுக்கும்போது வரப்பில் நில்லுங்கள். செடிகளை மிதித்தால் விவசாயிக்கு நஷ்டம்.

ரயில் பயணம் பிடிக்குமென்றால் செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையைத் தவற விடாதீர்கள். 1904-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-ல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. குகைகள், பள்ளத்தாக்கு, கழுதுருட்டியில் 13 கண் பாலம் என்று வழி முழுக்க விருந்துதான். அதே வழியில், ஆரியங்காவுக்கு அருகே கேரள வனத்துறையின் பாலருவி இருக்கிறது. கனமழை நாளில் அங்கேயும் தடை இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

குளித்தால் பசிக்குமே!

அருவிக் குளியல் முடித்தவர்களின் பசி தனி ரகம். காலையில் சுடச்சுட இட்லி, வடை, ரசவடை. மாலையில் மிளகாய் பஜ்ஜியும் டீயும். இரவுக்குப் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். கேரள எல்லை இன்னும் மேற்கே இருக்க, இதற்கு ஏன் 'பார்டர்' என்று பெயர் வந்தது தெரியுமா? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அன்றைய எல்லை பிரானூரில்தான். எல்லை நகர்ந்துவிட்டது, பெயர் தங்கிவிட்டது.

சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் பழங்கள் கடை கடையாகக் குவிந்திருக்கும். விலை கேட்டு, பேரம் பேசி வாங்குங்கள். பழப்பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும். திரிகூடராசப்பக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலேயே இந்த மலைக் குரங்குகளுக்கு இடமுண்டு. இந்த ஊரில் அவர்கள் நமக்கு சீனியர்கள்!

பையில் என்ன... பாறையில் எப்படி?

* ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத் துணி, இரண்டு துண்டு. சாரலில் துணி காயவே காயாது.
* வழுக்காத செருப்பு. பாசி படிந்த பாறையில் தேய்ந்துபோன செருப்பு ஆபத்து.
* செல்போனுக்குப் பிளாஸ்டிக் உறை. நகைகளை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கம்மல், மூக்குத்தி, செயின் தண்ணீர் வேகத்தில் கழன்றால் கிடைக்காது.
* வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், சளி, காய்ச்சல் மருந்து, குழந்தைகளுக்குக் காதை மூடும் தொப்பி.
* சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் இறங்கத் தடை இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசைப்பட்டால், ரூமில் வெந்நீரில் அலசிவிட்டு அருவிக்கு வாருங்கள்.
* சாப்பிட்ட உடனே, அல்லது மது அருந்திவிட்டு அருவியில் நிற்கவே கூடாது.
* தண்ணீரை நேராக உச்சந்தலையில் வாங்காமல், தோளிலும் முதுகிலும் வாங்குங்கள். அண்ணாந்து பார்க்க வேண்டாம்.
* இதயக் கோளாறு, அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் அருவிக்குக் கீழே நிற்க வேண்டாம்.
* குழந்தையின் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்க வேண்டும். 'நீ பார்த்துக்கிட்டேன்னு நினைச்சேன்' என்ற பேச்சுக்கு இடமில்லாமல், யார் பொறுப்பு என்பதை ரூமிலேயே முடிவு செய்துவிடுங்கள்.
* கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

இரண்டு நாள் டூருக்கு ஒரு டைம்டேபிள்

முதல் நாள் காலை ரூமில் பையை வைத்ததும், அருவி திறந்திருந்தால் முதல் வேலையாகக் குளித்துவிடுங்கள். 'சாயங்காலம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், மதியம் மழை பெய்து சாயங்காலம் தடை வந்துவிடலாம். கோயில் எங்கேயும் போய்விடாது. அருவி மூடியிருந்தால், காலையில் குற்றாலநாதர் கோயில், சித்திர சபை. மாலையில் தென்காசி. இரவு பார்டர் பரோட்டா. மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து விசாரியுங்கள். இரவில் மழை குறைந்திருந்தால் காலையில் திறக்க வாய்ப்புண்டு, கூட்டமும் குறைவு. அப்போதும் திறக்கவில்லை என்றால் செங்கோட்டை ரயில், திருமலைக்கோயில், சூரியகாந்தித் தோட்டம்.

முடிந்தால் மூன்றாவதாக ஒரு நாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளும் திறக்காமல் போனால்? பேரருவி ஆர்ச்சைத் தாண்டி ஆர்ப்பரிப்பதைப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, மங்குஸ்தான் பழங்களோடு பத்திரமாக வீட்டுக்கு வாருங்கள். ஆவணி வரை சீசன் இருக்கிறது. அதற்குள் இன்னொரு வார நாளில் லீவு கிடைக்கிறதா என்று பாருங்களேன்!